டொயோட்டா 86க்கு ரிம், டயர் மாற்றம்: 17இலேயே நிற்பதா, 18க்கு ஏறுவதா?

கிள்ளான்86:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். காடி 2013 டொயோட்டா 86, மேனுவல். சஸ்பென்ஷனும் பிரேக்கும் கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றன. ரிம் 17×7 (விட்டம், அகலம் அங்குலத்தில்), ஆஃப்செட் 48 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, சக்கரம் மாட்டும் ஹப்பின் முகம் வரை, மி.மீ.). டயர் 215/45/17. நான்கு டயரும் தேய்மானக் கட்டையைத் தொட்டுவிட்டதால் மாற்றியே ஆக வேண்டும். அந்தக் கையோடு ரிம்மையும் மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன். கிடைக்கக்கூடியவை மூன்று செட்:

அ) 18×8.5, ஆஃப்செட் 35. கடைக்காரர் 235/40/18 டயரோடு சேர்த்துத் தருகிறார்.
ஆ) 17×8, ஆஃப்செட் 45, நடுத்துளை 73.1. டயர் இல்லை.
இ) பழைய நான்காம் தலைமுறை கோல்ஃப் ரிம், 17×7.5, ஆஃப்செட் 38. ஐந்து துளை, 100 பிசிடி (போல்ட் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம், மி.மீ.). விலை ரொம்ப மலிவு.

தினமும் ஃபெடரல் ஹைவே ஓட்டம். மழை என்றால் நம்மூர் மழைதான். வருடத்தில் இரண்டு மூன்று தடவை செப்பாங் பந்தய டிராக். ஃபெண்டரை வெட்டவோ மடிக்கவோ மாட்டேன், காடியை இறக்கவும் மாட்டேன். டயர் வெளியே நீட்டிக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயிடம் பதில் சொல்லும் வேலையும் வேண்டாம். எதை எடுப்பது, அதற்கு எந்த டயர்?

சக்கரவியூகம்:

அ செட்டை இப்போதே அடித்துவிடலாம். காரணம் இரண்டு கணக்கு. இரண்டையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, டயரின் மொத்த உயரம். அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் பக்கச்சுவர். அதை இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். உங்கள் 215/45/17க்கு: 215 × 0.45 = 96.75, இருமடங்கு 193.5, 17 × 25.4 = 431.8, மொத்தம் 625.3 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 235/40/18க்கு 188 + 457.2 = 645.2. அதாவது 3.2% பெரிது.

இதனால் மூன்று தொல்லை. ஸ்பீடோமீட்டர் இப்போது சரியாகக் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம்; அது 110 காட்டும்போது காடி 113.5இல் போகும். கம்பெனி மீட்டர் வழக்கமாகச் சற்றுக் கூட்டித்தான் காட்டும், இந்த மாற்றம் அந்தக் கூடுதலைத் தின்றுவிடும். அடுத்தது கியர். 4.1 ஃபைனல் டிரைவ் (கடைசிப் பல்சக்கர விகிதம்), நடைமுறையில் 3.97 மாதிரி ஆகிவிடும். இந்த எஞ்சினுக்கு 3,500இலிருந்து 4,500 ஆர்பிஎம் வரை ஏற்கெனவே இழுவையில் ஒரு பள்ளம் இருக்கிறது. உயரமான டயரைப் போட்டால் அந்தப் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் கிடக்க வேண்டும். 205 நியூட்டன் மீட்டர் டார்க்கை மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது, டயரின் தலை ஃபெண்டர் பக்கம் 10 மி.மீ. ஏறும், முழுக்க ஸ்டியரிங் திருப்பும்போது உள் லைனரில் (சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறை) உரச வாய்ப்பு அதிகம்.

என் எல்லை இது: மொத்த உயரம் பழையதிலிருந்து 1.5%க்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம், 2% வரை யோசித்துப் போடலாம், 3% வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, ரிம் உள்ளே எவ்வளவு வெளியே எவ்வளவு என்பது. ரிம் அகலத்தில் பாதியை மி.மீ. ஆக்கி, அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள்பக்க விளிம்பு. கழித்தால் வெளிப்பக்க விளிம்பு. 17×7, 48க்கு உள்ளே 136.9, வெளியே 40.9. இவைதான் உங்கள் அடிப்படை எண்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அ செட்: உள்ளே 143, வெளியே 73. அதாவது இப்போதைவிட 32 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். இந்தக் காடியில் கம்பெனி ரிம் நன்றாக உள்ளே அமுங்கித்தான் இருக்கும், உண்மை. ஆனாலும் ஃபெண்டருக்கு நேர்கோடாக நிற்க, 86 ஓட்டுகிறவர்கள் வழக்கமாகப் போகும் அளவு முன்னால் சுமார் 20, பின்னால் சுமார் 25. கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) சாய்க்காத முன்சக்கரத்தில் 32 என்றால் டயர் வெளியே எட்டிப் பார்க்கும். நீங்கள் போட்ட நிபந்தனை அங்கேயே உடைகிறது.

ஆ செட்: உள்ளே 146.6, வெளியே 56.6. உள்ளே 9.7 கூடுகிறது, வெளியே 15.7 கூடுகிறது. இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. இதைத்தான் எடுக்க வேண்டும்.

டயர்: 225/45/17. உயரம் 634.3, வித்தியாசம் 1.4%. இந்த அளவுக்கு அனுமதித்த ரிம் அகலம் 7 முதல் 8.5 வரை, 8இல் பக்கச்சுவர் நேராக நிற்கும். எத்தனையோ செடான்களுக்கும் இதே அளவு போவதால் மழைக்கு நல்ல டயரும் கிடைக்கும், டிராக்குக்கு ஒட்டும் டயரும் கிடைக்கும். 235/40/17 போட்டால் உயரம் 619.8, கியர் சற்றுக் குட்டையாகி இழுவை கூடும், ஆனால் டயர் வகை குறைவு. 245/40/17 உயரத்தில் அப்படியே பொருந்தும் (627.8). அனுமதியும் 8இலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் 8 அங்குல ரிம்மில் அது இடுக்கிப் பிடித்த மாதிரி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் பக்கச்சுவர் நெளியும், அப்புறம்தான் காடி திரும்பும். 8.5க்குக் குறைந்த ரிம்மில் 245 போடுவது காசைக் கொடுத்து மந்தத்தை வாங்குவது.

மழையும் மறக்க வேண்டாம். எடை குறைந்த காடி, சுமார் 1,250 கிலோ. அதே காற்றழுத்தத்தில் டயர் அகலமாக அகலமாக, தேங்கிய நீரில் மிதக்கும் வேகம் குறையும். தினசரி ஓட்டத்துக்கு 225ஐத் தாண்ட எனக்குக் காரணம் தெரியவில்லை.

ரெட்லைன்7400:

18 என்றாலே தப்பு என்பது மாதிரி ஆகிவிடக் கூடாது. ப்ரோ, கடைக்காரர் கொடுத்த 18தான் தப்பு. இரண்டாம் தலைமுறை ஜிஆர்86இல் கம்பெனியே 18×7.5, ஆஃப்செட் 48, டயர் 215/40/18 கொடுக்கிறது. உயரம் 629.2, வெறும் 0.6% கூடுதல். பிசிடி, நடுத்துளை எல்லாம் அதே. உங்கள் காடியில் வளையம் (ரிம் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பது), ஸ்பேசர் எதுவும் இல்லாமல் நேராக உட்காரும். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் 6 மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். புதுக் காடி வாங்கியவர்கள் கழற்றி விற்கும் செட் கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான். பின்னாளில் பெரிய பிரேக் போடும் எண்ணம் இருந்தால் 18 இன்னும் வசதி.

இழப்பு எங்கே என்றால் பக்கச்சுவர். 96.75 இருந்த இடத்தில் 86. மழைக்கால ஹைவே குழியில் அந்த 11 மி.மீ. ரிம்மின் உதட்டைக் காப்பாற்றுகிற 11 மி.மீ.

இன்னொன்று. 17×8 எடுத்தாலும் 225க்குப் போக வேண்டியதில்லை. 215/45/17க்கு 8 அங்குலம் மேல் எல்லை, ஆனால் அனுமதிக்குள்தான். பக்கச்சுவர் லேசாக விரிந்து, ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும். மீட்டரும் கியரும் மாறாது. குறை ஒன்று: ரிம் உதட்டுக்கு டயரின் பாதுகாப்பு இருக்காது, நடைபாதைக் கல்லில் உரசினால் முதலில் அடிபடுவது ரிம்தான்.

பட்டறைக்காரன்:

இ செட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. தம்பி, மலிவு என்று அதைத் தொட்டுவிடாதே. பிசிடி பொருந்துகிறது என்பதைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தாது.

அந்த ரிம்மின் நடுத்துளை 57.1. உன் ஹப் 56.1. நடுவில் போட வேண்டிய வளையத்தின் கனம் அரை மில்லிமீட்டர். தகடு மாதிரி இருக்கும், நிற்காது. அதைவிட மோசம், கோல்ஃப் ரிம்மில் போல்ட் உட்காரும் குழி உருண்டை. உன் காடியின் நட் கூம்பு, 60 டிகிரி. உருண்டைக் குழியில் கூம்பு நட் ஒரு வளைய விளிம்பில் மட்டும்தான் தொடும். டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், நீயும் இறுகிவிட்டது என்று நம்புவாய். ஓட ஓட அலுமினியம் நசுங்கி நட் தளரும்.

"டொயோட்டா ரிம் டொயோட்டாவுக்குச் சேராதா" என்று கேட்டு செலிக்கா, பிரியஸ் ரிம் வாங்கி வருகிறவர்களும் உண்டு. அவையும் 5×100தான், ஆனால் நடுத்துளை 54.1. ஹப்பில் ஏறவே ஏறாது. சுபாரு பக்கம் போனால் பழைய டபிள்யூஆர்எக்ஸ் ரிம் சேரும். எஸ்டிஐ ரிம் 2005 மாடலிலிருந்து 114.3 பிசிடி, சேராது.

இதே குழப்பம் நட்டிலும் இருக்கிறது. 86 சுபாரு ஆலையில் செய்த காடி. ஸ்டட் (நட் ஏறும் தண்டு) 12 மி.மீ., பிட்ச் (மரை இடைவெளி) 1.25. மற்ற டொயோட்டா பெரும்பாலும் 12 மி.மீ., பிட்ச் 1.5. கடையில் "டொயோட்டா நட்" என்று கேட்டால் 1.5ஐத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏறும், அப்புறம் இறுகும். அந்த இடத்தில் காற்றுத் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் ஸ்டட்டின் மரை போய்விடும். "1.25" என்று வாயால் சொல்லிக் கேள், கையில் வாங்கியதும் காடியின் ஸ்டட்டில் விரலால் திருகிப் பார். முழு நீளமும் விரலால் ஏற வேண்டும்.

ஆ செட் 17×8, 45, 73.1 என்றால் என்கெய் ஆர்பிஎஃப்1 என்று சொல்லித்தான் விற்பார்கள். அசல் என்றால் ஒரு ரிம் 7 கிலோ சொச்சம்தான் இருக்கும். தராசைக் கொண்டு போ. 9 கிலோ காட்டினால் அது நகல். ரிம்மின் முதுகில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரை, அகலம், ஆஃப்செட் எல்லாம் வார்ப்பிலேயே தெளிவாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் இருந்தால் நம்பாதே. நகல் என்றால் ஹைவே குழியிலேயே விரியும், செப்பாங் வரைக்கும் போக வேண்டாம்.

கிள்ளான்86:

நன்றி அண்ணே. அ, இ இரண்டையும் விட்டுவிட்டேன். ஆ செட்டும் 225/45/17உம் முடிவு. இன்னும் மூன்று சந்தேகம்:

வளையம் பிளாஸ்டிக்கா அலுமினியமா? டயர் ஏற்றுவதற்கு முன்னால் காடியில் என்னென்ன சோதிக்க வேண்டும்? அப்புறம், பின்னாளில் டிராக்குக்கு மட்டும் என்று தனியாக 17×9, 45இல் 245/40/17 போட்டால் இதே காடியில் ஓடுமா?

சாய்வுக்கோணம்:

கடைசிக் கேள்வியில்தான் கவனம் வேண்டும்.

17×9, 45க்கு உள்ளே 159.3, வெளியே 69.3. உள்ளே 22.4 கூடுதல், வெளியே 28.4 கூடுதல். இது ரிம்மின் கணக்கு மட்டும். 245 டயர் 9 அங்குல ரிம்மில் ஏறினால் உண்மையான அகலம் 250ஐத் தாண்டும். வெளிப்பக்கம் ஃபெண்டருக்குள் போக முன்னால் மைனஸ் 2 டிகிரிக்கு மேல் கேம்பர் வேண்டும். கம்பெனி அமைப்பில் முன் கேம்பர் கிட்டத்தட்ட பூஜ்யம், அதைச் சரிசெய்ய வழியும் கிடையாது.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். கேம்பர் கொண்டுவர மலிவான வழி கேம்பர் போல்ட். ஸ்டிரட்டும் (சஸ்பென்ஷன் தூண்) நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் மேல் போல்ட்டைக் கழற்றி, மெலிந்த, ஏறுமாறான போல்ட்டைப் போட்டு 1 டிகிரி அளவுக்குச் சாய்க்கலாம். ஆனால் அது சாய்ப்பது ஸ்டிரட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள கோணத்தை. டயரின் மேல்பகுதி ஸ்டிரட்டை நோக்கி நெருங்கும். அகலமான டயர் போட்டு உள்பக்கம் ஏற்கெனவே 22 மி.மீ.யைத் தின்றிருக்கும்போது, மிச்ச இடத்தையும் அந்த போல்ட் எடுத்துக்கொள்ளும். மேலே மவுண்டில் போடும் கேம்பர் பிளேட் அப்படி இல்லை. ஸ்டிரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாய்வதால் இடைவெளி மாறாது. ஆகவே 17×9 என்றால் கேம்பர் பிளேட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போல்ட்டை நம்பி இறங்காதீர்கள். பின்னால் கேம்பர் சுமார் மைனஸ் 1இலிருந்தே தொடங்குவதால் அங்கே அவ்வளவு சிக்கல் இல்லை. கூட்டக் குறைக்க வேண்டும் என்றால் மட்டும் மாற்று லோயர் ஆர்ம் தேவை.

நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருக்கட்டும். பின்னால் மட்டும் அகலம் கூட்டினால் இந்த வண்டியின் முன்மூக்கு வெளியே தள்ளத் தொடங்கும். டயரை முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது. முன்பின் உயரம் ஒன்றுக்கொன்று மாறினால் ஏபிஎஸ்ஸும் விஎஸ்சியும் (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) குழம்பும்.

ஆ செட்டுக்கு வருவோம். 17×8, 225க்கு எந்தக் கேம்பர் வேலையும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் செப்பாங் போகிறீர்கள், முன்னால் மைனஸ் 1 டிகிரியாவது இருந்தால் டயரின் வெளித்தோள் தேய்ந்துபோவது குறையும். அந்த அளவுக்குக் கேம்பர் போல்ட்டே போதும், இடமும் இருக்கிறது. போட்டதும் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறியிருக்கும். அலைன்மெண்டில் முன் டோ பூஜ்யம், பின்னால் சின்ன அளவு டோ-இன் என்று கேட்டு வாங்குங்கள். "எல்லாம் பச்சையில் இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்வது போதாது, இடம் வலம் எண்கள் சமமாக இருக்கிறதா என்று அச்சிட்ட தாளில் பாருங்கள்.

பட்டறைக்காரன்:

மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

வளையம்: 73.1 வெளி, 56.1 உள். தினசரிக்கு நல்ல பிளாஸ்டிக் போதும், ஆனால் செப்பாங்கின் நீண்ட நேர்ச்சாலை முடிவில் பிரேக் பிடித்துப் பிடித்து ஹப் சூடேறினால் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும். உனக்கு அலுமினியம். ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, ஹப் உதட்டில் ஆன்டி-சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கிரீஸ்) மெல்லிசாகத் தடவு. ஸ்டட்டின் மரையில் மட்டும் எந்த எண்ணெயும் படக் கூடாது. பட்டால் அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும்.

டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டிப் பார்ப்பது கட்டாயம். டயர் ஏறிவிட்டால் எந்தக் கடையும் ரிம்மைத் திரும்ப எடுக்காது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போதும். எதிரெதிராக நட் போட்டுக் கையால் சுற்று. பிரேக் காலிப்பருக்கும் ரிம்மின் உள்சுவருக்கும் 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். ஆரங்களின் முதுகையும் பார். பேலன்ஸ் ஈயம் ஒட்டும் இடம் காலிப்பருக்கு நேரே வராதபடி கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நட் குறைந்தது 8 முழுச் சுற்று ஏறுகிறதா என்று எண்ணு. துளை குறுகலாக இருந்தால் உன் 19 சாக்கெட் உள்ளே போகாது, மெல்லிய நட் வாங்க வேண்டி வரும்.

டயர் ஏற்றியதும் முன்பக்கம் ஸ்டிரட்டுக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரல் தாராளமாகப் போக வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார். பின்னால் இரண்டு ஆளை உட்காரவைத்து மேட்டில் மெதுவாக ஏறி இறங்கு. உரசினால் லைனரில் பளபளப்பாகக் கோடு விழும்.

வாங்கும் டயரில் சுமை எண் 87க்குக் குறையக் கூடாது. 225/45/17 வழக்கமாக 91 அல்லது 94இல் வரும், அதனால் கவலை இல்லை. வேகக் குறி டபிள்யூ அல்லது ஒய். டயர் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கும் ஒரே காலத்தில் செய்ததாக வாங்கு.

இறுக்குவது 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில், இரண்டு தவணையாக. சக்கரம் தொங்கும்போதே எல்லா நட்டையும் கையால் உட்காரவைத்துவிட்டு அப்புறம் இறக்கு. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆறவைத்து மறுபடியும் ரெஞ்ச் வை. புது ரிம்மில் முதல் தடவை ஏதாவது ஒரு நட் கொஞ்சம் நகரும்.

காற்று: கதவுத் தூணில் ஒட்டியிருப்பது 240 கிலோபாஸ்கல் என்றால் அதிலேயே தொடங்கு. மழைக்காலத்தில் குறைக்காதே. செப்பாங்கில் மட்டும் ஆறின நிலையில் 200 முதல் 210 வரை வைத்து, ஐந்தாறு சுற்று ஓடி உள்ளே வந்ததும் அளந்து 230, 240க்குள் நிற்கும்படி விட்டுப் பிடி. திரும்பி வரும் முன் ஆறவைத்து 240க்கு ஏற்றிக்கொள், டிராக் அழுத்தத்தோடு ஹைவேயில் ஏறாதே.

ரெட்லைன்7400:

18க்குப் போகாமல் மிச்சமாகும் காசில் முன் பிரேக் பேடும் புது டாட் 4 பிரேக் ஆயிலும் போட்டுக்கொள்ளுங்கள் ப்ரோ. கம்பெனி பேடோடு 225 ஒட்டும் டயர் போட்டு செப்பாங் போனால் டயர் பிடிக்கும், நாலாவது சுற்றில் பெடல் இளகிவிடும்.